செட்டில்மென்ட் ஆன கடன், சிபில் 580: எஃப்டி கார்டு உதவுமா?

வணக்கம். தனிநபர் கடனை செட்டில்மென்ட் செய்ததில் (அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்ததில்) சிபில் என்னும் கடன் ஸ்கோர் 580-க்கு இறங்கிவிட்டது, மூன்று வங்கிகள் கார்டு மறுத்துவிட்டன, கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்கிறீர்கள். சரி, முதலில் நான்காவது இடத்தில் சாதாரண கார்டு கேட்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் சிபில் அறிக்கையில் பதிவாகும்.

அந்தப் பணத்தை வங்கியில் எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு அதன் மேல் கார்டு வாங்குங்கள். பிணை இருப்பதால் பழைய ஸ்கோரைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். எஃப்டி வட்டியும் வரும். நானும் இப்படித்தான் மீண்டேன். மாதம் ஒரு ரீசார்ஜ், கொஞ்சம் பெட்ரோல், அவ்வளவுதான். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டியதில்லை. பில் முழுவதற்கும் ஆட்டோ டெபிட் வைத்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். எஃப்டி வட்டியெல்லாம் அதற்கு முன்னால் பொரிகடலை. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே வேண்டாம்.

ஆனால் ‘செட்டில்டு’ என்ற குறிப்பைக் கார்டு அழிக்காது. அன்று தள்ளுபடியான பாக்கியை முடிந்தபோது கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று மாற்றக் கடன் தந்த வங்கியிடம் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம், எடுத்துச் சரிபாருங்கள்.