சித்திரையில் குற்றாலம்

அன்புள்ள ஐயா,

இளங்கலை இறுதித் தேர்வு முடிந்த கையோடு, சித்திரை பிறந்த வாரத்தில், அத்தை மகளுடன் திருச்சியிலிருந்து தெற்கே ஆறு நாள் போய் வந்தேன். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கினோம், நன்றாக இருந்தது. குற்றாலத்தில் பேரருவி பாறையின் மேல் ஓர் ஈரக்கோடாக மட்டுமே இருந்தது. துண்டும் மாற்றுடையுமாகப் போன நாங்கள் அந்தப் பாறையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றோம். பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த கடைக்காரர் ஒருவர், "இப்பப் போயி ஏன் வந்தீங்க?" என்று கேட்டார். திருச்செந்தூர் சாலையில் பிற்பகல் மூன்று மணிக்கு பிளாஸ்டிக் கேனிலிருந்து ஊற்றித் தந்த பதநீரைக் குடித்துவிட்டு, அன்றிரவு முழுவதும் வயிற்று வலியில் புரண்டேன். கடைசியாக, திருநெல்வேலி அல்வாப் பொட்டலத்திலிருந்து நெய் கசிந்து, அன்றாடம் குறிப்பெழுதி வந்த நோட்டு வீணாகிவிட்டது. "என்னத்தப் பாத்துட்டு வந்தே?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட பயணத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். எந்தச் சிக்கலும் நேராத கோவில்பட்டிக்கு நீங்கள் ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். கரிசல் மண்ணில் விளையும் கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டு செய்யப்பட்டு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால் வாங்கினீர்கள், சுவைத்தீர்கள், நகர்ந்துவிட்டீர்கள். தடுக்கிய இடங்களில்தான் நின்று பார்த்திருக்கிறீர்கள். கடைக்காரர் கேட்ட கேள்வியை அவர் பேச்சிலேயே எழுத முடிந்ததும் அதனால்தான்.

அவர் கேள்விக்கு விடை மலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்ள, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைந்து சாரலாகத் தென்காசி வட்டாரத்தை நனைக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி என்று அவ்வூர்க்காரர்கள் சொல்லும் 'சீசன்' அதுதான். இடையில் கோடைமழை பெய்தாலன்றிச் சித்திரையில் அருவிக்கு நீர் வர வழியில்லை. நீங்கள் போனது தவறான ஊருக்கு அன்று, இரண்டு மாதம் முந்திய ஊருக்கு.

அந்த ஊரில் பார்க்க எவ்வளவோ இருந்தது. பேரருவியின் பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் சிவலிங்கங்களைச் சீசன் கூட்டத்தில் நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. மேலிருந்து விழும் நீர் முதலில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகே கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் தாங்கிக்கொள்வதால்தான் அவ்வளவு உயரத்து அருவியின் அடியில் மனிதர்கள் தலை கொடுத்து நிற்க முடிகிறது. நீங்கள் வெகுநேரம் பார்த்து நின்றது அந்தப் பாறையைத்தான். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலுக்கும், சுவர் ஓவியங்கள் நிறைந்த சித்திர சபைக்கும் போனீர்களா என்று எழுதவில்லை. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான அந்தச் சபையில் தனியாக நிற்பதற்கு ஆளற்ற சித்திரையைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது.

பதநீருக்கும் இதே கணக்குத்தான். அங்கே மாதம், இங்கே மணி. பனையேறுபவர் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே நீர் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பும் புளிப்பைத் தள்ளிப்போடத்தான் செய்யும், வெயில் ஏற ஏற அதன் வலு குறையும். ஆகவே அதிகாலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் ஓலைப் பட்டையில் வாங்கி, நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பதே அந்தப் பக்கத்து வழக்கம். காலையில் இறக்கியது, பிளாஸ்டிக் கேனுக்குள் பங்குனி, சித்திரை வெயிலில் மூன்று மணிவரை நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் வயிறு சொல்லிவிட்டது. உங்களுக்கு நேர்ந்த துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. வெளியூரில், இரவில், வயிற்று வலியோடு கிடப்பது கொடுமை. அத்தை மகள் உடனிருந்தது நல்லதாயிற்று.

அல்வாவைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஊறவைத்து அரைத்த கோதுமையின் பாலும் சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டி இறக்குவது அது. மார்கழியில் உறைந்து கிடக்கும் நெய், சித்திரை வெயிலில் உருகி வழி தேடும்.

பத்தொன்பது வயதில் நான் தூத்துக்குடிக்குப் போகையில், வண்டி தாமதமானதால் மணியாச்சியில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோறு புளித்துப் போயிருந்தது. நான்கு மணி நேரம் அந்த நடைமேடையில் பசியோடு இருந்தேன். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த நிலையத்தில்தான் என்று பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்த எனக்கு, தண்டவாளங்கள் பிரிந்து போகும் அந்த வெட்டவெளியைப் பார்த்த பிறகே அது ஓர் இடத்தில் நடந்த செயல் என்று உறைத்தது. தூத்துக்குடியில் அந்த முறை என்ன செய்தேன் என்பது இன்று நினைவில் இல்லை.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நெய் பட்ட நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எழுத்து தெரியும் பக்கங்களை இந்த வாரமே படியெடுத்து வைத்துவிட்டுப் புது நோட்டில் தொடங்குங்கள். ஆறு நாளையும் வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று மணிக் கேனிலிருந்து தொடங்கலாம். அதை விற்றவர் யார், எந்த மரத்தடியில் நின்றார், காலையிலிருந்து அவருக்கு எவ்வளவு விற்றிருந்தது என்பதில் உங்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், முடிந்தால் அம்மாவையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போங்கள். அப்போது பாறை தண்ணீருக்குப் பின்னால் மறைந்திருக்கும். அருவிக்குப் பின்னால் எங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் அவருக்குக் கைகாட்டிச் சொல்லலாம்.

அன்புடன்.