வாசகர் கேள்வி: ஊர்க்குழுவை மூடுவதா, மாற்றி அமைப்பதா?

கேள்வி: கொரோனா சமயத்தில் எங்கள் ஊர் இளைஞர் மன்றம், ஜமாத், சர்ச் இளைஞர்கள், மகளிர் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தோம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய பணத்தில்தான் வண்டி, நர்ஸ் சம்பளம் எல்லாம் ஓடியது. இப்போது அவர் நிறுத்திவிட்டார். பாதிப் பேர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். மூடிவிடலாம் என்கிறார்கள் சிலர். என்ன செய்ய?
– தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: மூடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் கேரளாவில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதலில் அது டாக்டர்கள் நடத்திய புறநோயாளி கிளினிக்தான். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு அங்கே மார்பின் என்ற வலி மருந்து கிடைக்கும், வலி அடங்கும். ஆனால் யாருக்கு ரொம்பத் தேவையோ அவரால் எழுந்து வரவே முடியாது, வந்தாலும் பஸ்ஸுக்கும் கூட வருகிறவரின் ஒருநாள் கூலிக்கும் கணக்குப் பார்த்தால் அடுத்த தடவை வரமாட்டார். இதை டாக்டர்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டு அமைப்பைத் தலைகீழாகப் புரட்டினார்கள். அப்படித்தான் 2000-களின் தொடக்கத்தில் மலப்புறத்தை மையமாக வைத்து அக்கம்பக்கத்தாரின் வலையமைப்பு உருவானது. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. எந்த வீட்டுக்குப் போவது, காசை எதற்குச் செலவழிப்பது என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். டாக்டரும் நர்ஸும் துணைக்கு.

பணமும் பெரும்பாலும் அதே ஊரிலிருந்துதான், சில்லறை சில்லறையாக வந்தது. ஒரே புரவலரை நம்பியதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன், அவர் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. கடைக்கடையாக உண்டியல் வையுங்கள், மாதம் பத்து இருபது ரூபாய் தருகிறவர்கள் நூறு பேரைப் பிடியுங்கள். நூறு பேர் தரும்போது நூறு பேரும் கணக்குக் கேட்பார்கள், தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லை இருக்கிறவரை குழு சாகாது. இன்னொன்று: அந்த வெளிநாட்டு நண்பர் மறுபடி அனுப்புவதாக இருந்தால், அவர் இன்னும் இந்தியக் குடிமகன்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தரும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கான அனுமதி இல்லாமல் வாங்கினால் வம்பு.

கேள்வி: நர்ஸ் வைக்கக் காசில்லை. மருத்துவம் படிக்காத நாங்கள் போய் என்ன செய்துவிட முடியும்?
– அதே குழுவின் உறுப்பினர் ஒருவர், தனிக் கடிதத்தில்

பதில்: நிறைய. படுக்கையில் கிடப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும் என்பது எத்தனை வீட்டில் தெரியும்? மருமகள் ஒருத்தியே ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு சாயங்காலம் நீங்கள் போய் உட்கார்ந்தால் அவள் கடைக்குப் போய்விட்டு வருவாள். மலப்புறத்துக் குழுக்கள் நோயாளி வீட்டுக்கு அரிசி கொடுத்தன, பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டன. சம்பாதிக்கிறவர் விழுந்துவிட்ட வீட்டில் மாத்திரையை விட அதுதான் அவசரம்.

ஆனால் பயிற்சி இல்லாமல் போகாதீர்கள். அங்கே 16 மணி நேர வகுப்பு, அப்புறம் 4 நாள் டாக்டர், நர்ஸோடு நேரில் வேலை, அதன் பிறகுதான் தன்னார்வலர். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி, மார்பின் இதிலெல்லாம் நீங்கள் கை வைக்கவே கூடாது.

கேள்வி: அரசே 'மக்களைத் தேடி மருத்துவம்' நடத்துகிறதே, நம் குழு எதற்கு என்று எங்கள் செயலாளர் கேட்கிறார்.

பதில்: செயலாளர் களைத்துப்போயிருக்கிறார் போல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பிசியோதெரபியும், கடும் நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் கூட உண்டு. அதில் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் கூட்டமைப்பிலேயே மகளிர் குழுக்கள் இருக்கும்போது நீங்கள் தனியாக நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்! ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் போய்ப் பாருங்கள், உங்கள் பட்டியலில் உள்ள பெரியவர்களில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேரளாவிலும் இதே கேள்வி வந்தது. 2008-ல் அந்த அரசு நோய்த்தணிப்பு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு, வீடு தேடிப் போகும் நர்ஸை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் விட்டது. அதற்காகத் தன்னார்வலர் குழுக்கள் எல்லாம் கடையைக் கட்டிவிடவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது புண் கட்டுவது, குழாய் மாற்றுவது போன்ற தவிர்க்க முடியாத வேலைக்கு மட்டும் நர்ஸோடு நேரில் போனார்கள், மற்றதைப் போனில் பார்த்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு எந்த மாத்திரை எப்போது தீரும் என்பது அக்கம்பக்கத்துக்காரர் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். உங்களிடமும் அந்தப் பட்டியல் இருக்கிறது அல்லவா, முதலில் அதைப் புதுப்பியுங்கள். வெளியூர் போன பாதிப் பேரை விட்டுத்தள்ளாமல் போன் போட்டு விசாரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: தலைவர் பதவிக்கு ரெண்டு பேர் போட்டி.

பதில்: ஒருவருக்குக் கணக்கு நோட்டைக் கொடுங்கள், இன்னொருவருக்கு வண்டிச் சாவி. ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளட்டும்.