2 வயதாகியும் ஐந்தாறு வார்த்தைதான் சொல்கிறான். "ஆண் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்களா?

எங்கள் குடும்பத்திலேயே இப்படி இரண்டு பேர்: என் மகன், என் அக்கா மகள். 2 வயதில் இருவருமே பத்து வார்த்தையைத் தாண்டவில்லை. ஆனால் இருவருடையதும் ஒரே மாதிரித் தாமதம் இல்லை.

என் மகனுக்கு வார்த்தைதான் வரவில்லை. பூனையைப் பார்த்தால் விரலை நீட்டி "ஊ" என்பான். உடனே நான் பார்க்கிறேனா என்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். "அந்த ரூம்ல அப்பா செருப்பு இருக்கு, எடுத்துட்டு வா" என்றால் சரியாக எடுத்து வருவான். அக்கா மகளும் சொன்னதைச் செய்வாள் என்றுதான் நினைத்திருந்தோம். ஸ்பீச் தெரபிஸ்ட் அக்காவிடம், "கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பந்தைப் பார்க்காம, 'பந்தை எடு'ன்னு சொல்லுங்க" என்றார். குழந்தை அசையவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவளுக்குப் புரிந்தது எங்கள் கைஜாடைதான், வார்த்தை இல்லை. அக்கா அன்று ரொம்ப நேரம் பேசவே இல்லை.

24 மாதத்தில் 50 வார்த்தைக்குக் குறைவு, அல்லது இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வதில்லை என்றால் 'லேட் டாக்கர்' (தாமதமாகப் பேசும் குழந்தை) என்பார்கள். பத்தில் ஒரு குழந்தையாவது இப்படி இருக்கும். அவர்களில் பாதிக்கு மேல் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். யார் பிடிப்பார்கள் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. சொன்னது புரிகிறதா, சுட்டிக்காட்டுகிறானா, குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சு, படிப்பில் சிக்கல் இருந்ததா என்பதெல்லாம் ஓரளவு துப்பு தரும். ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் காது. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதை மட்டும் நம்பாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறனைப் பரிசோதிப்பவர்) ஒருமுறை காட்டிவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, எதையும் சுட்டிக்காட்டாமல் இருப்பது, முன்பு சொன்ன வார்த்தைகளை விட்டுவிடுவது, இவற்றில் எது இருந்தாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் தாமதம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது காரணம் இல்லை. இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்தே எண்ணுங்கள். பந்துக்கு எப்போதும் "பா" என்று சொன்னால் அதுவும் வார்த்தைதான். நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைச் சிரமமாக்கலாம், பேச்சையே தடுக்காது. (எங்கள் பாட்டி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

என் மகன் இரண்டரை வயதில் "பந்து போச்சு" என்றான், அப்புறம் நிறுத்தவே இல்லை. இருந்தாலும் 6 வயதாகியும் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறான். அக்கா மகளுக்கு உடனே பயிற்சி தொடங்கினோம். 5 வயதில் நிறையப் பேசுகிறாள், நீளமான வாக்கியம் மட்டும் இன்னும் சிக்குகிறது.

இன்றே ஒரு தாளில் உங்கள் குழந்தை சொல்லும் வார்த்தைகளைத் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் எங்களிடம் முதலில் கேட்டது அந்தப் பட்டியலைத்தான். நாங்கள் இருவருமே கையை விரித்தோம்.