டேங்க்ல போன பிஷப்

கேள்வி: இங்கிலாந்துல ராபர்ட் ரன்சின்னு ஒரு பேராயர், ரெண்டாம் உலகப் போர்ல டேங்க் ஆபீசரா இருந்து மெடல் எல்லாம் வாங்கினவராமே. ஆளைக் கொன்ன கையால அப்பமும் திராட்சரசமும் எடுத்துக் கொடுத்தது எந்த ஊர் நியாயம் சார்? அங்க கேட்க ஆளே இல்லாம போச்சா?

பதில்: அவரே ஒரு கதை சொல்லியிருக்காரு, அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஒரு ஜெர்மன் டேங்க்கை அடிச்சு நொறுக்கிட்டு, கிட்டப் போய் எட்டிப் பார்த்திருக்காரு. உள்ள நாலு சின்னப் பசங்க, செத்துக் கிடந்தாங்க. அங்கயே வாந்தி எடுத்துட்டாராம். இதை யாரும் கண்டுபிடிச்சு எழுதல, அந்த மனுஷனே சொன்னது.

மெடல் எதுக்குன்னும் பாருங்க. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை, சர்ச்சில் டேங்க், 1945 மார்ச். அடிபட்டு நின்னுபோன டேங்க்ல மாட்டிக்கிட்ட தன் ஆள் ஒருத்தரை, குண்டு பறந்துக்கிட்டு இருக்கும்போதே வெளிய கொண்டுவந்தாரு. மறுநாள் மறைவே இல்லாத இடத்துக்குத் தன் டேங்க்கைக் கொண்டுபோய் எதிரி பீரங்கிய அடிச்சாரு. முதல் நாள் காப்பாத்தினது, மறுநாள் அடிச்சது, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே மிலிட்டரி கிராஸ்ங்கிற வீரப் பதக்கம். நீங்க ரெண்டாம் நாளை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து கேட்கறீங்க!

அப்புறம் நாஜிகளோட பெல்சன் வதைமுகாமையும் கண்ணால பார்த்தாரு. அதனாலயோ என்னவோ, சண்டையே கூடாதுன்னு சொல்ற கட்சில கடைசி வரைக்கும் சேரல. 1950ல குருப்பட்டம், 1970ல செயின்ட் ஆல்பன்ஸ் பிஷப் (அங்க ஆசையா பன்னி வேற வளர்த்தாரு, நிஜமாத்தான்), 1980ல கேன்டர்பரி பேராயர், அதாவது இங்கிலாந்து திருச்சபையோட தலைமைப் பேராயர். சார்லஸ் டயானா கல்யாணத்தை நடத்தி வச்சவரும் இவர்தான், அதை விடுங்க.

விஷயம் 1982 ஜூலை 26. அர்ஜென்டினாவோட நடந்த ஃபாக்லாந்து போர்ல பிரிட்டன் ஜெயிச்சாச்சு, செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல நன்றி ஆராதனை, பிரதமர் தாட்சர் அம்மா உட்கார்ந்திருக்காங்க, எல்லாரும் வெற்றி முழக்கம் எதிர்பார்த்துட்டு இருக்க, இவர் பிரசங்கத்துல செத்துப்போன அர்ஜென்டினா பசங்களோட குடும்பத்துக்கும் சேர்த்து ஜெபம் பண்ணணும்னாரு. படை அனுப்பினது தப்புன்னு அவர் சொல்லவே இல்ல, அதை ஆதரிச்சவருதான். ஆனா சண்டைக்குப் போகாம வீட்ல இருந்து வேடிக்கை பார்த்தவங்கதான் சில சமயம் ரொம்ப வெறியோட பேசறாங்கன்னு அங்கயே போட்டு உடைச்சாரு. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் பல பேருக்கு மூக்கு மேல கோபம். ஆனா 'உமக்குப் போரைப் பத்தி என்ன தெரியும்'னு இவரைக் கேட்க முடியுமா? தாட்சர் மந்திரிசபைல உள்துறையப் பார்த்த வைட்லாவே அதே ஸ்காட்ஸ் கார்ட்ஸ், அதே மிலிட்டரி கிராஸ்.

ஏன் கொன்னாருன்னு நீங்க கேட்கறீங்க, எதிரிக்கு ஏன் அழறாருன்னு அவங்க கேட்டாங்க. முதல்ல நீங்களும் அவங்களும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் நான் பதில் சொல்றேன்.