மூட மறுக்கும் வாயில்

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று குடியிருக்கிறது. சிலந்தியின் நஞ்சு நரம்புகளைத் தாக்கும் என்கிறான் ப்ளஸ் டூ படிக்கும் என் மகன். அது நரம்புச் செல்லை அழித்துவிடுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதலில் அச்சத்தை விடுங்கள். அது வலை பின்னாமல் கரப்பான்களை வேட்டையாடும் வீட்டுச் சிலந்தியாகவே இருக்க வேண்டும். கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கடிக்காது. கடித்தாலும் வலியும் வீக்கமும் தணிந்துவிடும்.

உங்கள் மகன் சொன்னதும் சரியே. ஆனால் நரம்பைத் தாக்கும் சிலந்தி நஞ்சுகளில் பெரும்பாலானவை செல்லை அழிப்பதில்லை. அதன் வாயில்களைக் கைப்பற்றுகின்றன. நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளுக்கென (மின்னூட்டம் பெற்ற அணுக்களுக்கென)ப் புரதத்தாலான தனித்தனி வாயில்கள் உண்டு. தூண்டல் வந்ததும் சோடியம் வாயில்கள் திறந்து, ஓரிரு மில்லிவினாடிகளில் தாமாகவே அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. சவ்வின் மின்னழுத்தத்தில் நிகழும் இந்த ஏற்ற இறக்கமே நரம்புச் செய்தி. காசிமேட்டில் கடம்பா என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் இனத்தின் தடித்த நரம்பிழையில்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானிகள் இதை அளந்து 1952-இல் விளக்கினார்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி புனல்வலைச் சிலந்தியின் நஞ்சு, அந்த அடைத்துக்கொள்ளும் செயலைத்தான் தடுக்கிறது. சோடியம் தொடர்ந்து உள்ளே வர, நரம்பு ஓயாமல் துடிக்கிறது. தசைகள் நடுங்கி, எச்சில் பெருகி, இரத்த அழுத்தம் எகிறுகிறது. முயல்களை இந்த நஞ்சு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அவற்றின் இரத்தத்திலிருந்து எடுத்த மாற்று மருந்து 1981-இல் வந்த பின், இச்சிலந்தி கடித்து எவரும் இறந்ததாகப் பதிவில்லை.

கருப்பு விதவைச் சிலந்தியோ, ஏற்கெனவே உள்ள வாயிலை நாடுவதில்லை. அதன் நஞ்சுப் புரதம் நரம்பு முனையில் தானே துளையிட, கால்சியம் புகுந்து, சேமித்து வைத்த செய்திப் பொருள்கள் எல்லாம் கொட்டிவிடுகின்றன. சிலி நாட்டு ரோமச் சிலந்தி ஒன்றின் நஞ்சு இன்னும் நுட்பமானது: பொட்டாசியம் வாயிலின் துளையை அடைக்காமல், மின்னழுத்த மாற்றத்தை உணரும் பகுதியைப் பற்றிக்கொண்டு, அது எளிதில் திறக்காதபடி செய்கிறது. வாயிலின் எந்தப் பகுதி எதை உணர்கிறது என்று ஆய்வாளர்கள் அறிய இந்த நஞ்சே கருவியாயிற்று. எனக்கு இதில் பெருவியப்பு.

கேள்வி: அப்படியானால் இதை மருந்தாக்க முடியாதா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: முயன்று வருகிறார்கள். மனித உடலின் 9 வகைச் சோடியம் வாயில்களில் ஒன்று வலிச் செய்தியைக் கடத்துவது. பிறவியிலேயே அது செயல்படாதவர்களுக்கு வலியே தெரிவதில்லை என்பது 2006-இல் தெரியவந்தது. அந்த வாயிலை அடைக்கும் சிலந்தி நஞ்சுகளும் கிடைத்துள்ளன. ஆனால் அதே குடும்பத்தின் இன்னொரு வாயில்தான் இதயத்துடிப்பை நடத்துகிறது. அதைத் தீண்டாமல் வலியின் வாயிலை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைச் செதுக்குவதில்தான் இப்போது உழைப்பு முழுவதும் செல்கிறது.