பிக்கப் வாங்குமுன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண டின்னருக்கும் வாசிக்கிற தம்பிகளின் எலக்ட்ரிக் கிட்டார்கள்தான் பழுது பார்க்க என் மேசைக்கு வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பிக்கப் பற்றியவை; அதாவது, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், காந்தமும் காயிலும் கொண்ட பாகம்.

கே: அண்ணே, என் கிட்டார் சத்தம் மந்தமாக இருக்கிறது. 400 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த பிக்கப் வாங்கலாம்?

பணம் அப்படியே இருக்கட்டும் தம்பி. கம்பி மாற்றி எத்தனை மாதம் ஆகிறது? நம்ம ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். செத்த கம்பிக்கு எவ்வளவு விலை உயர்ந்த பிக்கப் போட்டாலும் உயிர் வராது.

அடுத்து உயரம். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டையில்) அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். சிங்கிள் காயில் (ஒரே காயில் உள்ள பிக்கப்) என்றால் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கி, பிறகு காதை நம்பி ஏற்றி இறக்கலாம். ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நிற்காது.

போன மாதம் தோட்டத்துப் பையன் ஒருவன் 'பிக்கப் போச்சு' என்று ஒரு கிட்டாரைக் கொண்டு வந்தான். கழற்றிப் பார்த்தால், பிக்கப்பைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் துருவேறி நொறுங்கிக் கிடந்தது. பிக்கப் உள்ளே இறங்கிப்போயிருந்தது. இரண்டு சின்ன ரப்பர் குழாய்த் துண்டுகளை வெட்டி ஸ்க்ரூவில் கோத்து முடுக்கினேன். அவ்வளவுதான், அன்றைக்கு இரவே அந்தக் கிட்டார் மேடை ஏறியது.

கே: திருவிழா மேடையில் 'உம்ம்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. பிக்கப் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. சிங்கிள் காயிலின் இயல்பு அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் கலர் லைட் டிம்மரின் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கும். தொட்டதும் குறைகிறது என்றால் பிரிட்ஜின் (கம்பிகளை உடலில் தாங்கும் பாகத்தின்) எர்த் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கம்பியையோ மைக்கையோ தொடும்போது சுருக்கென்று ஷாக் அடித்தால், அந்த நிமிடமே வாசிப்பதை நிறுத்துங்கள். வயர்மேன் வந்து எர்த்தைச் சோதிக்காமல் மேடை ஏறவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த இரைச்சலைத் தீர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப்பை வடிவமைத்து, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு காயில்கள், ஒன்றின் காந்தத் திசையும் சுற்றிய திசையும் மற்றதற்கு நேர்மாறு. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். பதிலுக்கு அந்தக் கண்ணாடி போன்ற பளிச் ஒலி கொஞ்சம் குறையும். மூன்று பிக்கப் கிட்டார் என்றால், முதலில் ஐந்து நிலை சுவிட்சை, இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2, 4ஆம் நிலைகளில் வைத்துப் பாருங்கள். நடு பிக்கப் நேர்மாறாகச் சுற்றப்பட்டிருந்தால் அங்கே இரைச்சல் தானாக அடங்கும்.

கே: கிலோ ஓம் (காயிலின் மின்தடை) அதிகமாக இருந்தால் பிக்கப் நல்லதுதானே?

இல்லை. காயிலை மெல்லிய செப்புக் கம்பியில் சுற்றினாலும் ஓம் ஏறும், அதற்காகச் சத்தம் அதிகரித்துவிடாது. சுற்று அதிகமானால் நடு ஒலி பருக்கும், மேல் ஒலி மங்கும். கீபோர்டும் தபேலாவும் நிறைந்த நம் சினிமாப் பாட்டு பேண்டில் கிட்டார் தனித்துக் கேட்க வேண்டும். அதற்கு அளவாகச் சுற்றிய அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த வகை) காந்த பிக்கப்பையே நான் சொல்வேன். கமகம் இழுக்கும்போது விரலின் அழுத்தம் அதில் அப்படியே தெரியும்.

கே: நானே சால்டர் செய்யலாமா?

தாராளமாக. கழற்றுமுன் உள்ளே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பெட்டியில் வரும் வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்பாகம்), ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கரைப் பழைய 250இலேயே மாட்டிவிட்டு 'ஒலி மூடிக்கொண்டது' என்று வருகிறவர்கள் நிறைய.

கம்பி போடுமுன் ஆம்ப்ளிஃபையரைச் சன்னமாக வைத்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் பிக்கப்பை லேசாகத் தட்டுங்கள். 'டொக்' என்று கேட்டால் இணைப்பு சரி. பிறகு இரண்டு பிக்கப்பைச் சேர்த்துப் போடும்போது மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பாடுவது போல இருந்தால், புதியதன் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். உலோக மூடி இருந்தால் அதன் எர்த்தைத் தனியாகப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும்.