புது மீனைப் பழைய மீன் விரட்டினால்: ரீஃப் டேங்க் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவைதான்: ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், புதிதாக விட்ட மீனைப் பழைய மீன் அடிக்கிறது. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அண்ணா, 4 அடி டேங்க். மஞ்சள் டாங் மீன் ஒன்று ஒன்றரை வருடமாக இருக்கிறது. நேற்று ஒரு பர்ப்பிள் டாங் விட்டேன். மஞ்சள் பக்கவாட்டில் திரும்பி வாலாலேயே அடிக்கிறது. போகப்போகப் பழகிவிடுமா? (வேளச்சேரி)

பழகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். டாங்கின் வால் ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பிளேடு மாதிரி ஒரு முள் இருக்கும். பக்கவாட்டில் திரும்பி வாலை வீசுகிறது என்றால் அந்த முள்ளைத்தான் உபயோகிக்கிறது. புது மீன் உடம்பில் நீளமான கீறல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் இன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.

இரண்டும் செப்ராசோமா என்ற ஒரே பேரினம். உடம்பு வடிவம் ஒன்று, மேய்கிற பாசியும் ஒன்று. பழைய மீனின் கண்ணுக்கு வந்திருப்பது விருந்தாளி இல்லை, பங்காளி. அதே மஞ்சள் டாங் ஒரு கோபி மீனையோ கார்டினல் மீனையோ திரும்பிக்கூடப் பார்க்காது.

புது மீனைத் துளை போட்ட பெட்டிக்குள் விடுங்கள். அதைவிட நல்லது, மஞ்சளைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டுப் புதியதை வெளியே சுற்ற விடுவது. கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினால் மஞ்சள் தன் உருவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், புதியதற்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். நோரியை (காய்ந்த கடல்பாசித் தாள்) டேங்கின் இரண்டு கோடியிலும் கிளிப் போட்டு வையுங்கள். இத்தனையும் சொன்னாலும், 4 அடிக்கு இந்த இரண்டு டாங் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பர்ப்பிள் வளர்ந்த பிறகு மஞ்சளைவிடப் பெரிய ரவுடி. கடையில் திருப்பி எடுப்பார்கள் என்றால் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி பெட்டி என்கிறீர்களே, அக்லிமேஷன் பாக்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா சார்? (கோவை)

மீனுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். தெளிவான அக்ரிலிக் பெட்டி, சுற்றிலும் துளை, டேங்கின் உள்பக்கம் தொங்கும். தண்ணீர் ஒன்றே, வாசனை ஒன்றே. பார்க்கலாம், கடிக்க முடியாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் புது பிளாஸ்டிக் வடிகூடை ஒன்றை மூடியோடு மிதக்க விடலாம். ஃபால்ஸ் சீலிங் லைட்டுக்குப் போடும் கட்டம் போட்ட வெள்ளைத் தட்டை வெட்டி, கேபிள் டை போட்டுப் பெட்டியாகவும் கட்டலாம். கட்டத்துக்குள் நுழைந்துவிடும் அளவு சின்ன மீனுக்கு அது ஆகாது. உள்ளே ஒரு பிவிசி பைப் துண்டு போடுங்கள், ஒளிய இடம் வேண்டும்.

எத்தனை நாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளை எண்ணாதீர்கள், பழைய மீனைப் பாருங்கள். முதல் நாள் துடுப்பை விரித்துக்கொண்டு பெட்டிச் சுவரில் முட்டும். பிறகு வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகும். சாப்பாடு போடும்போது பெட்டியை மறந்து தீனிக்கு ஓடுகிறதா, உள்ளே இருப்பதும் நன்றாகச் சாப்பிடுகிறதா, அப்போதுதான் திறக்க வேண்டும். பெரும்பாலும் 3 நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். மாலையில் வயிறு நிறையப் போட்டு, லைட் அணைந்த பிறகு திறந்து விடுங்கள்.

கல்லை இடம் மாற்றி வைத்தால் சண்டை நிற்கும் என்கிறார்களே? (திருச்சி)

டாம்செல், டாட்டிபேக் மாதிரி ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கிற மீனுக்கு நிற்கும். டேங்க் முழுக்க ரோந்து போகிற டாங்குக்குப் பெரிதாகப் பலன் இல்லை. பவளத்தை ஒட்டி வைத்த கல்லை எல்லாம் கலைக்க வேண்டாம். அந்தப் பொந்தைச் சுற்றி இரண்டு மூன்று கல்லை மாற்றினால் போதும்.

சைக்கிள் ஆவதற்கு (புது டேங்கில் கழிவை மாற்றும் பாக்டீரியா வளர்வதற்கு) டாம்செல் விடச் சொன்னார்கள், விட்டேன். இப்போது மூன்று கோடு டாம்செல் வேறு எதையும் வாழ விடமாட்டேன் என்கிறது. வலையில் சிக்கவும் இல்லை. (நெல்லை)

சைக்கிளுக்கு மீனே தேவையில்லை. சில சொட்டு அம்மோனியாவும், பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் போதும். இன்னும் டாம்செல்லை விடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வலையை விடுங்கள், கல் நிறைந்த டேங்கில் வலை போட்டால் பவளம்தான் உடையும். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே மைசிஸ் இறாலைப் போட்டு மணலில் படுக்க வையுங்கள். முந்தைய நாள் சாப்பாடு போடாதீர்கள். டாம்செல் பயப்படாத ஜென்மம், பெரும்பாலும் அதுதான் முதலில் நுழையும். மாட்டியதும் உடனே எடுத்துவிடுங்கள், பாட்டிலுக்குள் தண்ணீர் ஓட்டம் கிடையாது.

இரண்டு ஆசிலாரிஸ் கிளவுன் மீன். சின்னது உடம்பெல்லாம் நடுங்கி ஒருக்களித்துப் படுக்கிறது. சாகப் போகிறதா அண்ணா? (பாண்டிச்சேரி)

இல்லை, சரணடைகிறது. நல்ல செய்தி. கிளவுன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஜோடியில் கை ஓங்கியது பெண்ணாக மாறிவிடும். பெரியது முன்னால் வந்து நிற்கும்போது சின்னது நடுங்கிக் காட்டினால், 'நீதான் பெரியவள்' என்று ஒப்புக்கொள்கிறது. பெரியது அதோடு விட்டுவிடும். சின்னது மேல் மூலையில் ஒடுங்கி, சாப்பிடாமல், துடுப்பு கிழிந்து நின்றால் மட்டும் பிரியுங்கள். சேர்ந்துவிட்ட ஜோடிக்கு நடுவே மூன்றாவதைக் கொண்டுவராதீர்கள்.

சிக்ஸ் லைன் ராஸ் விரட்டியதில் ஃபயர்ஃபிஷ் வெளியே குதித்துக் காய்ந்துவிட்டது. இனி என்ன செய்வது? (சேலம்)

முதலில் மேலே வலை மூடி போடுங்கள். ஃபயர்ஃபிஷ் சாதாரணமாகவே குதிக்கும், விரட்டினால் கேட்கவே வேண்டாம். சிக்ஸ் லைனைப் பிடித்து இரண்டு வாரம் சம்ப்பில் (டேங்கோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) வையுங்கள். அதற்குள் புது மீன் இடம் பிடித்துவிடும், ராஸ் திரும்பி வரும்போது அதுதான் புதுசு. சில ராஸ் இதற்கும் அடங்காது. அப்படி என்றால் வேறு வீடு பாருங்கள்.

அடி வாங்கிய மீனுக்கு மூன்றாம் நாள் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சண்டையால் வந்ததா? (மதுரை)

சண்டையால் வருவதில்லை, அது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீனோடு வந்திருக்கும், இல்லை ஏற்கெனவே டேங்கில் இருந்திருக்கும். ஓடி ஓடிச் சாப்பிடாமல் கிடந்த மீனை அது சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ரீஃப் டேங்கில் காப்பர் மருந்து ஊற்றிவிடாதீர்கள், பவளமும் இறாலும் போய்விடும். எல்லா மீனையும் தனி டேங்குக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். மெயின் டேங்கில் மீனே இல்லாமல் 76 நாள் விடுவதுதான் பலரும் பின்பற்றும் கணக்கு. அடுத்த முறை புது மீனைக் குறைந்தது 4 வாரம் குவாரன்டைனில் வையுங்கள். நோய் தெரிந்துவிடும், மீனும் கொழுத்து வரும்.

3 அடி டேங்க் புதிது. ஆசிலாரிஸ் ஜோடி, ராயல் கிராமா, பங்காய் கார்டினல், கோரல் பியூட்டி, வாட்ச்மேன் கோபி. எதை முதலில் விடுவது? (தாம்பரம்)

கோபியும் பங்காயும் முதலில். பங்காய் ஒன்று போதும். நிச்சயமான ஜோடி கிடைத்தால் இரண்டு. கூட்டமாக வாங்கினால் கடைசியில் ஒரு ஜோடிதான் மிஞ்சும். அப்புறம் கிராமா, அப்புறம் கிளவுன். கோரல் பியூட்டி எல்லாவற்றுக்கும் கடைசி. அது குள்ள ஏஞ்சல் வகை மீன், அது வந்த பிறகு அந்த வகையில் இன்னொன்று வேண்டாம். பைகலர் டாட்டிபேக் பார்க்க கிராமா மாதிரியே பாதி ஊதா பாதி மஞ்சள். விலை குறைவு என்று அதையும் கூடச் சேர்த்துவிடாதீர்கள், கிராமா பொந்தை விட்டு வெளியே வராது.